தம்பிக்குத் தூக்கத் தெரியாதா?

கேள்வி: எனக்கு 44 வயது. கணக்குப் பிரிவில் வேலை. தினமும் ஒன்பது மணி நேரம், திரையை நோக்கிக் குனிந்தபடியே ஓடுகிறது. இரண்டு மாதமாகக் கீழ் முதுகில் வலி. சில நாள் இடது தொடை வரை இறங்குகிறது. முக்கால் மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வீடு வந்து, பையை வைத்த கையோடு, படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தூக்கி நாற்காலிக்கு மாற்றுவேன். தம்பி அடுத்த தெருவில்தான் இருக்கிறான், ஆனால் அவனுக்குத் தூக்கத் தெரியாது. முதுகுக்கு ஏற்ற நாற்காலி எது என்று சொல்லுங்கள்.

பதில்: நாற்காலிக்கு அப்புறம் வருகிறேன். "பையை வைத்த கையோடு" என்றும் "தம்பிக்குத் தூக்கத் தெரியாது" என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த வரிதான்.

கீழ் முதுகில் ஐந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வட்டு, அதாவது டிஸ்க். அதன் உள்ளே கூழ், சுற்றிலும் கெட்டியான நார் வளையம். நிற்கும்போது அந்த இடம் லேசாக உள்ளே வளைந்திருக்கும். குனிந்து உட்கார்ந்தால் அந்த வளைவு போய்விடும். வட்டின் முன்பக்கம் அழுந்தும், கூழ் பின்பக்கமாகத் தள்ளும். காலுக்கு இறங்கும் நரம்புகள் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. எலும்புகளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருக்கும் நார்களும் மணிக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்துபோகின்றன. நீங்கள் எழுந்து நின்றதும் அவை பழையபடி இறுகிவிடுவதில்லை, அதற்கு நேரம் பிடிக்கும். முதுகைக் காக்க வேண்டிய தசைகளும் அதுவரை சற்றுத் தாமதமாகவே வேலை செய்கின்றன. பேருந்தின் அதிர்வு இதற்கு மேல் சேருகிறது.

அப்படிப்பட்ட முதுகோடு போய், ஒரு முழு மனுஷியைக் குனிந்து, திரும்பித் தூக்குகிறீர்கள். இரண்டு மாதம் தாங்கியதே பெரிது. வெறுமனே உட்காருவதால் மட்டும் முதுகு கெட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. அசையாமல் வளைந்து உட்கார்ந்துவிட்டு உடனே பாரம் தூக்குவதுதான் ஆபத்து, அதைத்தான் தினமும் செய்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் நில்லுங்கள். நிமிர்ந்து பத்து நிமிடமாவது நடங்கள். அதற்குள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

சரி, தம்பிக்கு வருவோம். தூக்கத் தெரியாதாம்! உங்களுக்கு மட்டும் பிறக்கும்போதே தெரிந்திருந்ததா? இந்தக் கடிதம் எனக்கு எத்தனையோ வீடுகளிலிருந்து வந்திருக்கிறது. ஒரு பிள்ளை எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளும், மற்றவர்களுக்கு "அவனுக்கு வராது, அவளுக்குத் தெரியாது" என்று தானே விடுமுறையும் கொடுக்கும். அதைத் தியாகம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது பிடிவாதமாகத்தான் தெரிகிறது. பெற்றவளைத் தாங்குவது இரண்டு பிள்ளைகளுக்கும் உள்ள கடமை. அதில் அவனுடைய பாதியை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. அம்மாவின் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நாட்கள் அவனுக்கும் வேண்டும். நாளைக்கு உங்கள் டிஸ்க் நழுவி நீங்களும் படுத்துவிட்டால், தூக்கத் தெரியாத தம்பிதான் இரண்டு பேரையும் தூக்க வேண்டும்.

அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பது என் சந்தேகம், அதனால் ஒரு பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைத்து இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளுங்கள். கட்டிலை உயர்த்த முடிந்தால் உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, அம்மாவை அதன் விளிம்புக்கு நகர்த்துங்கள். உட்கார வைத்தபின் அவர் பாதம் தரையில் படும் அளவுக்குக் கட்டிலை இறக்கிக்கொள்ளுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடக் கூடாது. அவர் இடுப்பில் இதற்கென்றே உள்ள பெல்ட்டைக் கட்டி, அதைப் பிடித்து, முழங்காலை மடக்கி எழுப்ப வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வையுங்கள். அம்மாவால் காலை ஊன்ற முடிந்தால் ஊன்றட்டும். கொஞ்சம்கூட முடியாது என்றால் ஒற்றை ஆளாக யாருமே தூக்கக் கூடாது. தூங்கி எழுந்ததும் வட்டுகள் நீர் ஏறிப் புடைத்திருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடும். அதனால் காலையில் யார் தூக்கினாலும் எழுந்து ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

நாற்காலி எதுவானாலும் பின்புறம் கடைசி வரை போய்ச் சாய்ந்து உட்காருங்கள். இடுப்பு வளைவுக்கு ஒரு சின்னத் தலையணை, பாதம் தரையில், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அவ்வளவு போதும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஓரிரு நிமிடம் நடங்கள். அதைச் செய்யாவிட்டால் எவ்வளவு விலையுள்ள நாற்காலியும் உதவாது.

வலி தொடைக்கு இறங்குவதால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினாலோ, இரண்டு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போனாலோ, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்று இரவே தம்பிக்கு ஃபோன் செய்யுங்கள். உதவி செய்கிறாயா என்று கேட்க வேண்டாம், எந்தெந்த நாள் வருகிறாய் என்று கேளுங்கள். முதல் நாள் அவன் கை நடுங்கும், அம்மாவும் "நீயே வாடி" என்பார். அப்போது பக்கத்தில் நில்லுங்கள், கை மட்டும் வைக்காதீர்கள்.