ஸ்லைடு போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்ட ஆச்சிக்கு

ஆச்சி, போன வாரம் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். பி.காம். கடைசி வருஷத்தில் இருக்கும் உங்கள் வீட்டுத் தம்பி, கூடப் படிக்கிறவர்களுக்குப் பவர்பாயின்ட்டில் ஸ்லைடு செய்து கொடுத்துக் காசு பார்க்கிறான். இப்போது நாற்பது ஸ்லைடையும் கம்ப்யூட்டரே ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுகிறது என்கிறான். அப்படியானால் அவனுக்கு என்ன வேலை மிச்சம் என்பதுதானே உங்கள் கவலை?

அவன் செய்வது இதுதான். வேர்டில் குறிப்பு எழுதி, தலைப்புக்கு ஹெடிங் 1, அதன் கீழ் வருவதற்கு ஹெடிங் 2 என்று ஸ்டைல் கொடுக்கிறான். பவர்பாயின்ட்டில் நியூ ஸ்லைடு என்பதற்குக் கீழே ‘ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் அந்த ஃபைலைக் காட்டினால், ஒவ்வொரு ஹெடிங் 1-ம் ஒரு புது ஸ்லைடின் தலைப்பாகும். ஹெடிங் 2 புள்ளி வைத்த வரியாகும். நோட்பேடில் துணை வரிக்கு முன்னால் டேப் தட்டி எழுதினாலும் நடக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேரேடு எழுதியதை நினைத்துப் பாருங்கள். பற்றும் வரவும் அததன் இடத்தில் விழுந்திருந்தால் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? விழாவிட்டால் விடிய விடிய உட்கார்ந்தாலும் கணக்கு இடிக்கும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். எழுத்தைத் தடியாக்கிப் பெரிதாக்கினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு சாதா வரி. தலைப்புக்கு மட்டும் ஸ்டைல் கொடுத்துவிட்டு, ஹெடிங் ஸ்டைல் எதுவும் கொடுக்காமல் விட்ட பத்தி ஸ்லைடுக்கு வரவே வராது. படமும் அட்டவணையும் வராது. தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் கூத்து: டெம்ப்ளேட்டின் (ஸ்லைடின் தயார் வடிவமைப்பின்) எழுத்துரு ஏறியதும் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள்.

நானும் பட்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் பேசப் போனபோது, என் பழைய கட்டுரையை அப்படியே இறக்கி, சரிபார்க்காமல் எடுத்துப் போனேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் பத்துப் பன்னிரண்டு வரி. பின் வரிசைப் பிள்ளைகள் போனை எடுத்துவிட்டார்கள். இறக்கியதில் குறையில்லை, எதை விட வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை.

அதனால் தம்பிக்கு மிச்சமிருக்கும் வேலை அந்த யோசனைதான். மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் மாதிரி ஏஐ கருவிகள் வேர்டு ஃபைலைக் கொடுத்தால் ஸ்லைடாக்கித் தருகின்றன. ஸ்லைடு அலங்காரத்தை மட்டும் நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கம்பெனியின் மாதக் கணக்கைப் பார்த்து, முதலாளி எந்த ஐந்து விஷயத்தைக் கேட்பார் என்று பிரித்து எழுதத் தெரிந்த பி.காம். பையனுக்கு ஆடிட்டர் ஆபீசிலும் எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்குக் கணக்கறிக்கை தயாரிக்கும்) வேலையிலும் இடமுண்டு.

பணம் கட்டிப் பவர்பாயின்ட் கோர்ஸில் சேர்க்க வேண்டாம். எல்லா ஸ்லைடின் தோற்றத்தையும் ஒரே இடத்தில் அமைக்கும் ஸ்லைடு மாஸ்டரை அவனே இரண்டு நாளில் கற்றுக்கொள்வான். அப்புறம் எக்செலை ஆழமாகப் படிக்கட்டும். அதன் பிறகு கொஞ்சம் பைதான் என்ற புரோகிராமிங் மொழி. அதில் பைதான்-பிபிடிஎக்ஸ் என்ற இலவச லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு) இருக்கிறது. எக்செலில் இருக்கும் எண்களைப் பைதானில் படித்தெடுத்துவிட்டால், மாதாமாதம் ஒரே அமைப்பில் ஸ்லைடு போட அது உதவும். பழக ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் விலைப்பட்டியல் போதும்: டிசைன், அளவு, விலை, படம். அதை வாடிக்கையாளருக்குக் காட்டும்படி செய்தால் இன்டர்வியூவில் எடுத்துக் காட்டவும் ஆகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அடுத்தவர் செமினாருக்கு வடிவம் செய்து கொடுக்கலாம். விஷயத்தையே எழுதிக் கொடுப்பதை நிறுத்தட்டும். மாட்டினால் இரண்டு பேருக்கும்தான் கெடுதல்.

அடுத்த முறை தம்பியையும் கூட்டி வாருங்கள். அவன் செய்த ஸ்லைடு வேண்டாம். அதற்கு முன்னால் எழுதிய குறிப்புத் தாளைக் கொண்டுவரட்டும், பார்க்கிறேன்.