குழந்தையின் இரைப்பையில் கட்டி: பெயர் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் பதில் சொல்கிறார்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: பேரனுக்கு ஆறு வயசு. ஒன்றரை மாசமா காய்ச்சல் விட்டுவிட்டு வருது. மூணு பாட்டில் இரும்புச்சத்து டானிக் குடிச்சும் ரத்தம் ஏறலை. ஸ்கேன்ல இரைப்பையில கட்டின்னு எழுதியிருக்கு. புத்துநோய்தானா தம்பி?

ஆச்சி, கட்டி இருப்பதை ஸ்கேன் காட்டும்; அது இன்ன கட்டி என்று சொல்லாது. புற்று மாதிரியே தெரியும் அழற்சிக் கட்டி (இன்ஃபிளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் டியூமர்) ஒன்று குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும். அது இன்டர்லூகின்-6 என்ற பொருளைச் சுரக்கும். காய்ச்சலும் மெலிவும் அதனால்தான். உடம்பிலுள்ள இரும்பைப் பயன்படாமல் பூட்டிவைப்பதும் அதுவே. டானிக் வேலை செய்யாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனைகள், தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். தட்டணு நாலரை லட்சத்தைத் தாண்டினால் இந்தச் சந்தேகம் வலுக்கும், ஆனால் உறுதியாகாது. காசநோயிலும் அப்படி ஏறும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் கட்டியிலிருந்து ரத்தம் கசியலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு தாய்: எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். 'சாதாரண அழற்சி' என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லையம்மா. பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். எண்டோஸ்கோப்பிக் கிடுக்கி கடித்தெடுப்பது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேல்தோல். கட்டியோ அதற்குக் கீழே, சுவரின் தசையடுக்கில் உட்கார்ந்திருக்கும். மேல்தோலில் வெறும் புண்ணும் அழற்சியும் தெரிவதில் வியப்பில்லை. அந்த ரிப்போர்ட் பொய்யில்லை, கட்டியைத் தொடாத ரிப்போர்ட், அவ்வளவுதான். கடித்த இடத்திலேயே மறுபடி கடித்து ஆழமாக எடுக்க வேண்டும், அல்லது எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு வழியாக ஊசி போட வேண்டும். இரண்டிலும் விடை வராவிட்டால் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும்.

எடுத்த சதையை முழுவதும், கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு, வழியில்லை. ஒரு பங்கு ஃபார்மலினுக்கு, ஒரு பங்கு சுத்தமான சலைனில் காசநோய், பூஞ்சைச் சோதனைக்கு. பூஞ்சைச் சோதனைக்குப் போகும் துண்டை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அரைக்கவும் கூடாது; பொடியாக நறுக்கித்தான் வளர்க்க வேண்டும். பாசிடியோபோலஸ் என்ற பூஞ்சை மண்ணிலும் மக்கிய இலையிலும் பல்லி, தவளை எச்சத்திலும் இருப்பது. குழந்தைகளின் வயிற்றில் அச்சு அசலாகப் புற்று மாதிரியே கட்டி உண்டாக்கும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு ஏறியிருந்தால் முதலில் அதை நினைக்க வேண்டும். கண்டுபிடித்தால் இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் பல மாதம் கொடுத்துக் குணப்படுத்தலாம். அது தெரியாமல் இரைப்பையை வெட்டிய பிறகு வருந்திப் பயனில்லை.

சிவகங்கையிலிருந்து நோய்க்குறியியல் படிக்கும் மாணவர்: ஸ்லைடில் கதிர் வடிவச் செல்களும் பிளாஸ்மா செல்களும் தெரிகின்றன. அடுத்து எந்தச் சாயம், சார்?

எஸ்.எம்.ஏ., ஏ.எல்.கே., சி.டி.117, டாக்-1, எஸ்.டி.எச்.பி. செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் இந்த ஐந்து சாயங்களையும் சேர்த்தே போடுங்கள் தம்பி. அழற்சிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் ஏ.எல்.கே. பிடிக்கும், பிடிக்கவில்லை என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள், ஆர்.ஓ.எஸ்.1 பாருங்கள். சி.டி.117-உம் டாக்-1-உம் பிடித்தால் அது ஜிஸ்ட் என்ற இரைப்பை-குடல் சுவர்க் கட்டி. குழந்தைகளின் இரைப்பை ஜிஸ்டில் பெரும்பாலும் எஸ்.டி.எச்.பி. காணாமல் போயிருக்கும். ஈசினோஃபில் குவியலுக்கு நடுவே இளஞ்சிவப்பு உறை போர்த்திய அகலமான இழைகள் தெரிந்தால் பூஞ்சைச் சாயம் தவறக் கூடாது.

திருப்பத்தூரிலிருந்து ஓர் அப்பா: பயாப்ஸிக்கு முன்னால் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். நிணநீர்ப் புற்றாக இருந்தால் கட்டி பாதி கரைந்து, பிறகு எடுக்கும் சதையில் விடை கிடைக்காது. பூஞ்சையோ காசநோயோ ஆக இருந்தால் முற்றிவிடும்.

புதுவயலிலிருந்து: அழற்சிக் கட்டி என்று உறுதியாகி, அறுவை செய்து எடுத்தாயிற்று. இனி?

வெட்டிய ஓரத்தில் கட்டிச் செல் இல்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது புற்றுக்கும் சாதாரணக் கட்டிக்கும் இடைப்பட்ட ரகம். மிச்சம் இருந்தால் திரும்ப வளரும். முழுக்க எடுத்திருந்தால் காய்ச்சல் நிற்கும், ரத்தம் தானாக ஏறும், ஈ.எஸ்.ஆரும் தட்டணுவும் இறங்கும். இறங்கியவை மறுபடி ஏறினால் உடனே ஸ்கேன் எடுங்கள். எடுக்க முடியாத இடத்தில் திரும்ப வந்து ஏ.எல்.கே. பிடித்திருந்தால் கிரிசோடினிப் மாத்திரை இருக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2022இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தார்கள்.