டோக்கியோ நிலையத்தில் என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

டோக்கியோவுக்குப் பக்கத்துச் சிபாவில் குடியிருந்த பதினொரு வருடமும் தினம் இரண்டு வேளை டோக்கியோ நிலையத்தில் ரயில் மாறியவன் நான். கடை, சாப்பாடு இரண்டைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கடையைத் தேடினாலும், அது டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று முதலில் பாருங்கள். அதற்கப்புறம்தான் வழி.

கோவைக்காரர்: ரயில் நிலையத்துக்குள் இத்தனை கடைகள் எப்படி வந்தன சார்?

நல்ல கேள்வி. கடனில் மூழ்கிய தேசிய ரயில்வேயை 1987-ல் பிரித்துத் தனியார் கம்பெனிகளாக்கினார்கள். டிக்கெட் காசை மட்டும் நம்பியிருக்க முடியாது. கேட்டுக்குள் தினமும் லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள், அவர்களுக்கே விற்றால் என்ன? அந்தக் கம்பெனிகளில் ஒன்றான ஜே.ஆர். கிழக்கு 2005-ல் ஓமியா, ஷினகாவா நிலையங்களில் எக்யூட் என்ற கடைத்தொகுதிகளைத் திறந்தது. டோக்கியோவில் 2007-ல் தரைக்கடியில் கிரான்ஸ்டா வந்தது. 2020 ஆகஸ்டில் அது விரிந்தபோது கடைகள் 150-ஐத் தாண்டின. இதற்கு ‘எகினாகா’ என்று பெயர். நிலையத்துக்கு உள்ளே என்று அர்த்தம்.

மேலே இருப்பது தட்சுனோ கிங்கோ வடிவமைத்த 1914-ஆம் வருடத்துச் செங்கல் கட்டடம். 1945 குண்டுவீச்சில் போன குவிமாடங்களையும் மூன்றாம் மாடியையும் 2012-ல்தான் மீட்டார்கள். அந்தச் செலவுக்கு, தன் தலைக்கு மேல் கட்டிக்கொள்ளும் உரிமையையே சுற்றியிருந்த கட்டடங்களுக்கு விற்றது ரயில்வே! வெளியே கடை வைத்திருப்பவர்களுக்கு எகினாகா மேல் மனத்தாங்கல் உண்டு. ரயில்வே நிலம் என்று குறைவாக மதிப்பிட்டிருந்த இடத்தில் கடைப்பகுதிக்கு மட்டும் 2007-லிருந்து டோக்கியோ நிர்வாகம் சொத்து வரியை ஏற்றியது. நியாயம்தான்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: சுத்த சைவம் தம்பி. ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும் அம்மா. கெய்யோ ஸ்ட்ரீட் என்ற கடைப்பகுதியில் டீஸ் டான்டான் என்ற ராமென் நூடுல்ஸ் கடை. கறி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள். கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் கண்ணில் படுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானியச் சமையலில் பாதிக்கு அடித்தளம் தாஷி. பெரும்பாலும் அது கட்சுவோ மீன் துருவலில் எடுத்த சாறு.

சென்னைவாசி: எகிபென், அதாவது நிலையத்தில் விற்கிற பெட்டிச் சாப்பாடு என்று ஆறிப்போன சோற்றை 1,000, 1,500 யென் கொடுத்து வாங்குகிறார்களே, கிறுக்கா?

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருப்பதி போன ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? 1885-ல் உட்சுனோமியா நிலையத்தில் மூங்கில் உறையில் சுற்றி விற்ற இரண்டு சோற்றுருண்டைகள்தான் முதல் எகிபென் என்று பரவலாகச் சொல்வார்கள். உள்ளே உமெபோஷி, அதாவது நம் ஊறுகாய் மாதிரி உப்பில் போட்ட புளிப்புக் காய். ஆறினபிறகு சாப்பிடத்தான் அந்தச் சமையலே.

அதே சென்னைவாசி: புளியோதரையோடு ஒப்பிடாதீர்கள். வெறும் சோறு ஆறினால் விறைத்துவிடும்.

பொன்னி விறைக்கும். ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, ஆறினாலும் மெத்தென்றுதான் இருக்கும்.

மதுரைக்காரர்: கயிற்றை இழுத்தால் சூடாகிற பெட்டி இருக்கிறதே?

இருக்கிறது, செண்டாய் மாட்டு நாக்கு பெட்டி. அடியில் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து கொதிக்கும். வேடிக்கைக்கு ஒருமுறை வாங்கலாம்.

சென்னைவாசி: பார்த்தீர்களா, அவர்களே சூடு பண்ணுகிறார்கள்!

இருநூறு வகையில் ஒன்றிரண்டைக் காட்டி ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். எகிபென்யா மட்சுரி கடைக்குப் போய் யோனெசாவா மாட்டிறைச்சிப் பெட்டியைப் பிரித்துத் தின்றுவிட்டு வாருங்கள், பேசலாம். அதுவும் கேட்டுக்கு உள்ளேதான்.

ஒருவர்: ரயில் ஏறாமல் உள்ளே போகலாமா?

நுழைவுச் சீட்டு எடுத்தால் இரண்டு மணி நேரம். ரயிலில் ஏறக்கூடாது.

இன்னொருவர்: மிசோ சூப் சைவம்தானே?

தாஷி. மேலே சொன்னேன்.

ஜே.ஆர். பாஸ் வாங்கினால் லாபமா?

என் துறை இல்லை. பயண ஏஜென்டைக் கேளுங்கள்.

ராமென் ஸ்ட்ரீட் எங்கே?

நிலையத்தின் யாயேசு பக்கம், தரைக்கடியில், கேட்டுக்கு வெளியே. எட்டுக் கடைகள். மதியம் வரிசை நீளும்.

ரயிலிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

டோகாய்டோ ஷின்கான்சென் அதிவேக ரயிலில் தள்ளுவண்டி விற்பனையை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஏறும் முன்பே வாங்குங்கள்.

சோபா நூடுல்ஸ் சைவமா சார்?

தாஷி, தாஷி, தாஷி.

மதுரைக்காரர்: யோகோகாவா கமமேஷி என்ற எகிபென் வாங்கினேன். மண்பானையோடு கொடுத்துவிட்டார்கள். என்ன செய்ய?

1958-லிருந்து அப்படித்தான் விற்கிறார்கள். தூக்கிப் போடாதீர்கள், ஒரு ஆளுக்குச் சோறு வடிக்காமல் பொங்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் புளி, ஒன்றில் கல்லுப்பு.