டெஸ்டர் வேலைக்கு யாரை எடுக்கிறார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மென்பொருள் சோதனையில் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவற்றில் பாதி, ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கழிந்தவை. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் கணிதப் பட்டதாரி. கோடிங் அரைகுறைதான். டெஸ்டர் வேலைக்கு நிறுவனங்கள் முதலில் எதைப் பார்க்கின்றன?

விளம்பரத்தில் பத்துக் கருவிகளின் பெயர் இருக்கும். பயந்துவிடாதீர்கள். நேர்முகத் தேர்வில் நான் ஒரே ஒரு வரி எழுதிய தாளைத்தான் நீட்டுவேன்: "விண்ணப்பதாரரின் வயது 18 முதல் 60 வரை இருக்க வேண்டும்." இதை எப்படிச் சோதிப்பீர்கள்?

பெரும்பாலோர் 17, 18, 60, 61 என்பார்கள். சரிதான், எல்லைக்கோட்டில்தான் பிழை குடியிருக்கும். சிலர் வெற்றிடம், எழுத்து, மைனஸ் எண் என்று சேர்த்துக்கொள்வார்கள். ஒரு பெண் மட்டும் பேனாவைத் தொடவே இல்லை. "வயதை எந்த நாளுக்குக் கணக்கிட வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கா, வேலையில் சேரும் நாளுக்கா? 60 முடிந்து ஆறு மாதம் ஆனவர் உள்ளேயா, வெளியேயா? பிப்ரவரி 29 அன்று பிறந்தவருக்கு மற்ற ஆண்டுகளில் எந்த நாளில் வயது கூடும்?" என்று கேட்டுக்கொண்டே போனார். என்னிடம் பதில் இல்லை. அந்த வரியை எழுதியவரிடமும் இருந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒரு கருவியும் தெரியாது, ஆனாலும் எடுத்துக்கொண்டோம். கருவிகளை மூன்று மாதத்தில் பழகிவிட்டார்.

நீங்கள் இப்போதே தொடங்க வேண்டியது எஸ்க்யூஎல், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. "சேமிக்கப்பட்டது" என்று திரை சொல்வதை நம்பாமல், தரவுத்தளத்துக்குள் போய்ப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் எழுதும் பிழை அறிக்கைகளை டெவலப்பர்கள் "எங்களிடம் சரியாக வருகிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். குறை யாரிடம்?

பாதி உங்களிடம் இருக்கலாம். என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை" என்று நான்கே சொற்களில் ஓர் அறிக்கை எழுதினேன். மறுநாளே "சரியாக வருகிறது" என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. கடைசியில் அந்த நிரலை எழுதிய டெவலப்பரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் "கோபுரம்" என்று புதிதாக ஒரு பதிவு போட்டுத் தேடினார், வந்தது. நான் பழைய பதிவைத் தேடினேன், வரவில்லை. இருவர் சொன்னதும் உண்மை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் "கோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஒப்பிடும் நிரலுக்கோ வேறு வேறு. பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை, அதனால் மூன்றாக இருந்தன. நாங்கள் தட்டச்சு செய்தவை இரண்டாக இருந்தன.

"மாற்றப்பட்ட பழைய பதிவுகளில் 'கோபுரம்' தேடினால் 0 முடிவு. அதே சொல்லைப் புதிதாகப் பதிந்து தேடினால் 1 முடிவு." இப்படி எழுதியிருந்தால் பிழை அன்றைக்கே தீர்ந்திருக்கும். என்ன செய்தீர்கள், எந்தத் தரவைக் கொண்டு செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது: இந்த நான்கும் இல்லாத அறிக்கை வெறும் புலம்பல். டெஸ்டருக்கு எழுத்துத் திறன் எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஐஎஸ்டிக்யூபி சான்றிதழ் கட்டாயமா?

இல்லை. இது மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழ். அடிப்படை நிலைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம், தேர்ச்சிக்கு 26 சரியான விடைகள். படித்தால் துறையின் சொற்கள் பழகும், விண்ணப்பக் குவியலில் உங்கள் தாள் மேலே வரவும் உதவும். ஆனால் சான்றிதழ் வைத்திருந்தும், தீவிரத்துக்கும் முன்னுரிமைக்கும் வேறுபாடு சொல்லத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழை எவ்வளவு கெடுக்கிறது என்பது தீவிரம், எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும் என்பது முன்னுரிமை. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் தீவிரம் குறைவு, முன்னுரிமை உச்சம். இவ்வளவுதான் விஷயம்.

ஆறு ஆண்டுகளாக மானுவல் டெஸ்டிங் மட்டுமே செய்கிறேன். ஆட்டோமேஷன், செயற்கை நுண்ணறிவு இரண்டும் சேர்ந்து என்னை வெளியே தள்ளிவிடுமா?

ஆட்டோமேஷனை, அதாவது சோதனைகளை நிரலே ஓட்டும்படி செய்வதை, தள்ளிப்போடாதீர்கள். பைத்தான் அல்லது ஜாவா, கூடவே உலாவியைத் தானாக இயக்கும் செலினியம் அல்லது பிளேரைட், ஏதாவது ஒரு ஜோடி போதும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே நூறு சோதனைகளைக் கையால் செய்துகொண்டிருப்பவருக்கு இனிச் சம்பளம் உயர்வது கடினம்.

செயற்கை நுண்ணறிவு சோதனைகளை நொடியில் எழுதித் தரும். ஆனால் நிரலை மட்டும் கொடுத்து எழுதச் சொன்னால், அந்த நிரல் செய்வதையே சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 61 வயதை அனுமதிக்கும் நிரலுக்கு, "61 அனுமதிக்கப்பட வேண்டும்" என்று ஒரு சோதனை எழுதிப் பச்சை விளக்கு காட்டும். அது தவறு என்று சொல்ல, 60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

"இந்தப் பகுதியை நாங்கள் தொடவே இல்லை, சோதிக்க வேண்டாம்" என்கிறார் டெவலப்பர். வற்புறுத்தினால் மனக்கசப்பு. என்ன செய்வது?

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி, 40 விநாடிக்குள் சிதறியது. ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கப் போய் நிரம்பி வழிந்தது. நிரலைத் தொடவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதைச் சுற்றியிருந்த எல்லாமே மாறியிருந்தது.

இதைச் சொல்லி அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "இதற்கு உள்ளே வரும் தரவு மாறியிருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் அவரே யோசித்துவிட்டு, "ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்பார்.

நேர்முகத் தேர்வில் பேனாவைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது?

அரதப் பழசான கேள்வி, நானும் கேட்டிருக்கிறேன். யார் எழுதப் போகிறார்கள், எதன் மேல் எழுதப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் நீட்டும் பேனாவில் மை இருக்காது. எட்டு ஆண்டுகளில் பலரும் கீழே போட்டுப் பார்ப்பேன், தண்ணீரில் முக்குவேன் என்று இருபது முப்பது சோதனைகளை அடுக்கியிருக்கிறார்கள். தாளில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.