வாசகர் கேள்வி – பதில்: துணைக்கேள்விக்குப் பயப்படும் அமைச்சர்கள்

கேள்வி: டிவியைப் போட்டால் நாடாளுமன்றத்தில் ஒரே கூச்சல், அப்புறம் ஒத்திவைப்பு. அரசாங்கத்தை அங்கே யார்தான் கேள்வி கேட்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மன்னார்குடி

உங்கள் கோபம் நியாயமானது. 2023 மார்ச்சில் எதிர்க்கட்சிகள் அதானி விவகாரத்தை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு கேட்டன. லண்டனில் பேசிய பேச்சுக்கு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது ஆளுங்கட்சி. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, ஒரு துறையைப் பற்றிக்கூட விவாதிக்காமல் மக்களவை மொத்தமாக நிறைவேற்றியது. அது நம் எல்லோருக்கும் நஷ்டம்.

ஆனாலும் மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் ஒழுங்காக நடக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து பாருங்கள். நாளொன்றுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை உண்டு, அவற்றுக்கு எழுத்தில் பதில். அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம். அதற்கப்புறம் வருகிற துணைக்கேள்வியில்தான் அமைச்சருக்குத் தன் துறை தெரியுமா என்பது வெளிச்சமாகும். டெல்லியில் செய்தியாளர் மாடத்தில் இருந்த காலத்தில் நான் கவனித்ததெல்லாம் இதைத்தான். துணைக்கேள்வி விழுந்ததும் அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு துண்டுச்சீட்டு கைமாறிக் கைமாறி முன்வரிசைக்கு வரும். சில அமைச்சர்கள் அதைப் பிரிக்காமலே பதில் சொல்வார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை, எந்தக் கட்சியாக இருந்தாலும்.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1957ஐப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டை அரசு தேசியமயமாக்கி எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் 6 கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதன் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவே இல்லை. மக்களவையில் கேள்வி வந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், சொன்ன பதில் உறுப்பினர்களுக்குத் திருப்தி தரவில்லை. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். சந்தையைத் தூக்கி நிறுத்தத்தான் வாங்கினோம் என்ற அரசின் விளக்கத்தை அவர் பங்கு விலைகளை வைத்தே உடைத்தார். சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டினார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் விசாரணைக் குழு அமைந்தது. விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் ராஜினாமா செய்தார். பாலிசிதாரர்களின் பிரீமியப் பணத்துக்காகச் சொந்தக் கட்சி அமைச்சரையே ஓர் உறுப்பினர் கேட்டார். அந்தத் துணிச்சலை இன்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மசோதாவைக் குழுவுக்கு அனுப்பினால் கிடப்பில் போட்டதாகத்தானே அர்த்தம்?
– செவிலியர், திண்டுக்கல்

இல்லைங்க. உங்கள் தொழிலை ஒட்டியே ஓர் உதாரணம் சொல்கிறேன். வாடகைத் தாய் ஒழுங்குமுறை மசோதாவை 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. அதன்படி வாடகைத் தாய் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும், தம்பதி குழந்தைக்காக 5 வருஷம் காத்திருந்திருக்க வேண்டும். மாநிலங்களவை அதை அப்படியே ஏற்காமல், பா.ஜ.க.வின் பூபேந்தர் யாதவ் தலைமையில் தெரிவுக்குழுவுக்கு, அதாவது அந்த மசோதாவை ஆராயவென்றே அமைத்த உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பியது. 2020 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. உறவினர் என்ற கட்டாயம் வேண்டாம், சம்மதிக்கிற எந்தப் பெண்ணும் வரலாம் என்றது குழு. உறவுக்குள் என்றால் ஒரு பெண்ணை வீட்டாரே நெருக்கிச் சம்மதிக்க வைக்க முடியும், இல்லையா? 5 வருஷக் காத்திருப்பையும் எடுக்கச் சொன்னது. வாடகைத் தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கச் சொன்னது. பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்கள் எவ்வளவு நாள் நீளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் வந்த சட்டத்தில் இந்த மாற்றங்கள் இருக்கின்றன. ஆளுங்கட்சிக்காரர் தலைமை வகித்த குழுதான் அரசின் மசோதாவை இப்படித் திருத்தியது.

அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவுகளையும் ஆராயும் நிரந்தரக் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்களும் இப்படித்தான். இன்று 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. கேமரா இல்லை. அதனால் கூச்சலும் குறைவு. ஆனால் 15ஆவது மக்களவைக் காலத்தில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17ஆவது மக்களவையில் (2019–24) 16 சதவீதம்தான். 2020இன் வேளாண் சட்டங்களை எந்தக் குழுவும் பார்க்கவில்லை. தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி மாநிலங்களவையில் திருச்சி சிவா உள்ளிட்டோர் கேட்டார்கள். வாக்குப் பதிவு வேண்டும் என்ற கோரிக்கையையும் மீறிக் குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். விவசாயிகளோடு குழு அறையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியதை, ஒரு வருஷம் டெல்லி எல்லைச் சாலைகளில் பேச வேண்டி வந்தது. 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் கிடையாது.

கேள்வி: கட்சி சொல்கிறபடிதானே எங்கள் எம்.பி. ஓட்டுப் போடப் போகிறார்?
– கல்லூரி மாணவி, தென்காசி

ஆமாம். 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு இதை நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொல்லிவிட்டது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பெரோஸ் காந்தி மாதிரி ஒருவர் மறுபடி எழ வேண்டுமென்றால், மசோதாக்களிலாவது அவர் கையைக் கட்டிப்போடாமல் விட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம் பல வருஷமாகப் பாதியில் நிற்கிறது. நான் என்ன செய்ய முடியும்?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர் மாவட்டம்

உங்கள் எம்.பி. அலுவலகத்துக்குப் போய், நட்சத்திரமில்லாத கேள்வி ஒன்று போடச் சொல்லுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்த வருஷம் அனுமதி கிடைத்தது, எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவானது, எந்த வேலை யாரால் நிற்கிறது, எப்போது முடியும். 'மேம்பாலம் எப்போது வரும்' என்று மட்டும் கேட்டால் 'விரைவில்' என்று பதில் வரும். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் அறிவித்ததுமே போய்விடுங்கள். இரண்டு பக்கச் சாய்தளம் மாநில அரசின் வேலையாக இருக்கலாம், எம்.எல்.ஏ.விடமும் இதையே கேளுங்கள்.

'பரிசீலனையில் உள்ளது', 'ஆவன செய்யப்படும்' என்று அமைச்சர் சொல்லிவிட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். இப்படிப்பட்ட வார்த்தைகளை உறுதிமொழியாகவே கணக்கில் எடுப்பார்கள். 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். இதைப் பின்தொடரவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. பதில் வந்ததும் கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் உங்கள் எம்.பி. அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும்.