எக்செலில் எண் இருந்தும் சார்ட்டில் சில மாதங்கள் பூஜ்யமாக வருவது ஏன்?

அந்த எண்களை நீங்கள் கையால் அடித்திருக்க மாட்டீர்கள், வேறு ஏதோ மென்பொருளிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பீர்கள், சரிதானே? அந்த செல்களை உற்றுப் பாருங்கள். எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மேல் மூலையில் சின்னதாகப் பச்சை முக்கோணம் இருக்கும். எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் கண்ணுக்கு 48,200, சார்ட்டுக்குப் பூஜ்யம். ஸம் போட்டாலும் கூட்டலில் சேராது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு மீட்டிங்கில், மாதம் எத்தனை பீஸ் அனுப்பினோம் என்ற சார்ட்டைத் திரையில் போட்டார்கள், செப்டம்பரில் கோடு அப்படியே தரைக்கு வந்துவிட்டது. "அந்த மாசம் சரக்கே போகலையா?" என்று முதலாளி பேக்கிங் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். அந்த அண்ணன் செப்டம்பர் முழுக்க நைட் ஷிஃப்ட் பார்த்தவர், என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மௌஸை வாங்கி, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து நேராக ஃபினிஷ் கொடுத்தேன். எல்லோர் கண் முன்னாலும் கோடு மேலே ஏறியது.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று யாராவது வருவார்கள். ஒரு மனிதர் தான் செய்த வேலைக்கே திட்டு வாங்குவதைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் வேலை பார்த்தும் ஆபீசில் எங்களுக்கு "அந்த டைப் அடிக்கிற பொண்ணு" என்றுதான் பெயர். கணக்கைப் பிடித்து நிறுத்துவது நாங்கள், ஸ்லைடில் பெயர் போட்டுக்கொள்வது மேனேஜர்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபினிஷ் கொடுத்தும் மாறவில்லை, பச்சை முக்கோணமும் இல்லை என்றால், எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தால் அடிக்கடி இப்படி ஆகும். அந்த இடைவெளியை மட்டும் காப்பி செய்து ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் மேல் கட்டத்தில் ஒட்டி, கீழ்க் கட்டத்தைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள்.

அப்புறம், மாதம் பூஜ்யமாக விழாமல் சார்ட்டிலேயே காணோம் என்றால் அது வேறு கதை. யாரோ அந்த வரிசையை ஹைட் செய்திருப்பார்கள், மறைத்த வரிசையை எக்செல் சார்ட்டில் சேர்க்காது. சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்து செலக்ட் டேட்டா போய், ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸில் மறைத்த வரிசைகளையும் காட்டச் சொல்லி டிக் போடுங்கள், வந்துவிடும்.