நடிகர் வாத்தியாரானது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நடிகராக இருந்து நாடக வாத்தியாரான சங்கரதாஸ் சுவாமிகள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். எங்கள் நாடகக் குழுவில் ஒரு பேச்சு உண்டு: நடிப்பு வராதவர்தான் பயிற்சி கொடுக்கப் போவார் என்று. சுவாமிகள் வேஷம் கட்டுவதை விட்டதற்கும் அதுதான் காரணமா?

– ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

நடிப்பு வராமல் விட்டவர் இல்லை அவர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று எல்லாம் மிரட்டுகிற வேஷங்கள். எமனாக வந்தபோது பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது, அதனால்தான் நடிப்பை விட்டார் என்று சொல்வார்கள். நடந்தே இருக்கட்டும். பயமுறுத்தும் வேஷம் வேண்டாமென்றால் வேறு வேஷம் கட்டியிருக்கலாமே?

 

என் கணிப்பு வேறு. அவர் பாட்டும் வசனமும் எழுதுகிறவர். பெரிய நடிகர்களோ எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, எதிரில் நிற்பவரை மடக்குவதற்காக மேடையில் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிடுவார்கள். எழுதியவருக்கு எப்படி இருக்கும்? சின்னப் பையன்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918-ல் மதுரையில் பையன்களே நடிக்கும் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று அவர் போன வழியை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அப்புறம், எதிரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதுகிற வசதியும் வாத்தியாருக்குத்தான் உண்டு. 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும், பாட்டு வசனம் எல்லாம் சேர்த்து, ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பயின்ற நடிகர் டி.கே. சண்முகம் எழுதியிருக்கிறார். சிறுவன் சண்முகம்தான் அதில் அபிமன்யு.

பையன்களை வைத்து நாடகம் நடத்தும் இந்த முறையை முழுக்கப் புகழவும் எனக்கு மனம் வரவில்லை. வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம். பாடகரும் நடிகருமான கிட்டப்பாவும், சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்களும் இந்தப் பள்ளியில் தேறியவர்கள். கூட இருந்து பெயர் வாங்காமல் போன பையன்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' கிடைத்தால் உங்கள் குழுவில் சேர்ந்து படியுங்கள். சுவாமிகள் பாடம் சொல்வதைப் பக்கத்திலிருந்து பார்த்த பையன் எழுதியது.